பவுடர் கோட்டிங் போட்ட ஃப்ரேம், செல்ஃப் அடித்தால் ‘டிக்’ மட்டும்: எர்த் எங்கே போச்சு?

செந்தூல்135:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி பழைய கார்புரேட்டர் யமஹா எல்சி135. ஃப்ரேம் அங்கங்கே துரு பிடித்திருந்ததால் முழுக்கக் கழற்றி, சாண்ட்பிளாஸ்ட் பண்ணி, பளபள கறுப்பில் பவுடர் கோட்டிங் போட்டு வாங்கினேன். வேலை அருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு போர்ச்சிலேயே வைத்து நானே திரும்பப் பூட்டினேன்.

இப்போது சிக்கல். சாவி போட்டால் நியூட்ரல் விளக்கு எரிகிறது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் ரிலே ‘டிக்’ என்கிறது, ஸ்டார்ட்டர் அசையக்கூட இல்லை. சிக்னல் போட்டால் மீட்டர் விளக்கும் சேர்ந்து துடிக்கிறது. ஹாரன் முனகுகிறது. கிக் அடித்தால் சில நேரம் பிடிக்கிறது, சில நேரம் இருமிவிட்டு நின்றுவிடுகிறது. பேட்டரி புதுசு, சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டுகிறது.

இன்னொரு விஷயம். முந்தைய ஓனர் பேட்டரி நெகட்டிவ் கேபிளை மாற்றியிருக்கிறார். சீட்டுக்கு அடியில் ஃப்ரேமில் இருக்கும் ஒரு 6 மிமீ போல்ட்டில் அது முடிகிறது. எஞ்சினுக்கென்று தனி எர்த் வயர் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) எதுவும் கண்ணில் படவில்லை. பக்கத்து மோட்டார் கடை போமன் (மெக்கானிக்) ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

கிள்ளான் வயர்மேன்:
தம்பி, ஸ்டார்ட்டர் வாங்கக் காசை எடுக்காதீர்கள். ஃப்ரேமுக்குக் கோட்டிங் போட்ட பிறகு வந்த கோளாறு, அதுவும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட்டர், ஹாரன், சிக்னல் எல்லாவற்றிலும். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது எர்த் ஒன்றுதான்.

பவுடர் என்பது பிளாஸ்டிக். பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது எபாக்ஸி. 180, 200 டிகிரி அடுப்பில் உருகி ஃப்ரேம் முழுக்க ஒரே தோலாகப் படர்ந்துவிடும். கனம் சாதாரணமாக 60 முதல் 100 மைக்ரான். கரண்ட் அதில் துளியும் போகாது. பழைய பெயிண்ட் மெல்லிசு, அதுவும் போல்ட் இருக்கும் இடத்தில் எல்லாம் தேய்ந்து உரிந்து போயிருக்கும். அதனால் இத்தனை வருஷம் யாரும் நினைத்துப் பார்க்காமலே ஃப்ரேம் உங்கள் நெகட்டிவ் வயராக வேலை செய்துகொண்டிருந்தது. இப்போது அந்த வயருக்கு இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் மூடி போட்டுவிட்டீர்கள்.

காசில்லாத டெஸ்ட் ஒன்று: காருக்குப் போடும் ஜம்பர் கேபிளை எடுங்கள். ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறு முனை எஞ்சின் கேஸில், பெயிண்ட் இல்லாத இடமாகப் பார்த்து. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். செல்ஃப் அடியுங்கள். சுற்றினால் ஸ்டார்ட்டர் நல்ல பிள்ளை.

கெப்போங் இரும்பு:
நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பவுடர் அடிக்கும்போது துப்பாக்கி முனையில் பல பத்தாயிரம் வோல்ட் இருக்கும். பவுடர் சார்ஜ் ஏறிப் பறந்து போய் ஃப்ரேமில் ஒட்டுவதற்குக் காரணமே ஃப்ரேமை நாங்கள் ஹூக் வழியாக எர்த் பண்ணித் தொங்கவிடுவதுதான். நல்ல எர்த் கிடைத்தால்தான் மூலை முடுக்கெல்லாம் ஒரே சீராகப் பிடிக்கும். ஆக எர்த் வைத்து ஒட்டிய பவுடர், வெந்ததும் எர்த்தையே மூடிவிடுகிறது. ஹூக் மாட்டிய இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு வெற்றுப் புள்ளி மிஞ்சும்.

மறைக்க வேண்டிய இடங்களுக்கு எங்களிடம் சூடு தாங்கும் சிலிகான் அடைப்பான் இருக்கிறது, டேப் இருக்கிறது. ஸ்டீரிங் பேரிங் உட்காரும் இடம், ஸ்விங் ஆர்ம் பைவட், திருகு மரைகள் இதெல்லாம் சொல்லாமலே மூடுவோம். ஆனால் எந்த 6 மிமீ ஓட்டையில் எர்த் வருகிறது என்று வண்டிக்காரர் சொன்னால்தான் தெரியும். எங்களுக்கு வருவது வெறும் இரும்புக் கூடு, வயரிங் கூட வராது. ஃப்ரேம் கொடுக்கும்போதே எர்த் போல்ட் இடத்தில் மார்க்கர் பேனாவால் சுழித்து, போனில் படம் எடுத்து அனுப்புங்கள். சாண்ட்பிளாஸ்டில் மார்க்கர் போய்விடும், படம் போகாது.

சேஸி நம்பரையும் சொல்லி மறைக்கச் சொல்லுங்கள். மணல் வேகமாக அடித்தால் எழுத்து மழுங்கும், மேலே பவுடர் கனமாக ஏறினால் பள்ளம் அடைந்துவிடும். கெரானில் (வண்டிப் பதிவுப் பத்திரத்தில்) உள்ள நம்பரும் ஃப்ரேமில் உள்ள நம்பரும் யாராவது ஒப்பிட்டுப் பார்க்கும் அன்றைக்குத்தான் தலைவலி தெரியும்.

பிறைக்கரை:
இவ்வளவு பெரிய விஷயமாக்க வேண்டாம் அண்ணன்களே. பல் வாஷர் ஒன்று வாங்கி ரிங் டெர்மினலுக்கு அடியில் வைத்து இறுக்குங்கள். பல் பவுடரைக் கிழித்துக்கொண்டு இரும்பைத் தொடும். என் ஹோண்டா வேவ் அப்படித்தான் ஓடுகிறது, தினமும் பினாங்குப் பாலம் தாண்டி தீவுக்கு வேலைக்குப் போகிறேன்.

கிள்ளான் வயர்மேன்:
பிறைக்கரை, இறுக்கிய அன்றைக்கு வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பல் இரும்பைத் தொடுவது ஊசி முனை அளவு இடத்தில். விளக்குக்கு அது போதும், ஸ்டார்ட்டருக்குப் போதாது. அதோடு பவுடர் பெயிண்ட் மாதிரி கீறாது, வெடிக்கும். வெடித்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் தோலுக்கு அடியிலேயே துரு ஊர்ந்து போகும், மேலே பார்த்தால் பளபள என்றுதான் இருக்கும். தினமும் கடல் காற்றில் பாலம் தாண்டுகிற வண்டிக்கு இது இன்னும் மோசம்.

பல் வாஷர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுத்தமாகச் சுரண்டிய இரும்பின் மேல் வையுங்கள். சுரண்டுவதற்குப் பதிலாக வைக்காதீர்கள்.

செந்தூல்135:
ஜம்பர் கேபிள் நாளைக்குத்தான் கிடைக்கும். அதற்குள் மல்டிமீட்டரில் பார்த்தேன். பேட்டரி நெகட்டிவுக்கும் அந்த 6 மிமீ போல்ட் தலைக்கும் பீப் அடிக்கிறது. நெகட்டிவுக்கும் எஞ்சினுக்கும் கூட பீப் அடிக்கிறது, ஓமில் வைத்தால் 2 பக்கம் நிற்கிறது. அப்படியானால் எர்த் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

மீட்டர் அக்கா:
பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் டெஸ்டிங்கில் வேலை பார்க்கிறேன், பீப் சத்தம் கேட்டு ஏமாறுகிறவர்களை தினம் பார்க்கிறேன். தம்பி, முதல் அளவு எதையும் சொல்லவில்லை. போல்ட் தலையும் ரிங்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, அதனால் பீப். போல்ட்டுக்கு அடியில் இருக்கும் ஃப்ரேமை நீங்கள் அளக்கவே இல்லை.

இரண்டாவது அளவுதான் விஷயம். பல மீட்டர்களில் 30, 40 ஓம் இருந்தால் கூட பீப் அடிக்கும். உங்களுக்கு 2 ஓம். காதுக்கு அது ‘நல்ல எர்த்’, ஸ்டார்ட்டருக்கு அது சுவர். கணக்குப் போடுங்கள்: 12 வோல்ட்டை 2 ஓமால் வகுத்தால் 6 ஆம்பியர். அந்த வழியில் எவ்வளவு முயன்றாலும் அதற்கு மேல் போகாது. கப்சாய் (நம் சின்ன மோட்டார்) ஸ்டார்ட்டர் சுமாராக 40 ஆம்பியர் கேட்கும் என்று வைத்துக்கொள்வோம். 0.1 ஓம் இருந்தாலே 40 ஆம்பியரில் 4 வோல்ட் வழியிலேயே தொலையும், ஸ்டார்ட்டருக்கு மிஞ்சுவது 8. அந்த 0.1 ஓமை நம் கை மீட்டரால் அளக்கவே முடியாது, ஏனென்றால் மீட்டரின் இரண்டு வயருக்கே அதைவிட அதிக ஓம் உண்டு. மேலும் ஓம் டெஸ்டில் மீட்டர் அனுப்புவது ஒரு மில்லி ஆம்பியர் அளவு. ஒரே ஒரு செம்பு நூல் மிச்சமிருந்தாலும் அது தாராளமாகப் போகும்.

அதனால் ஓமை விடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்து செல்ஃப் அடித்தபடி படியுங்கள். அப்புறம் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் தலையில், கேபிளில் அல்ல, ஈயத் தலையிலேயே. சிவப்பு முனை எஞ்சின் கேஸில். மறுபடி செல்ஃப். நல்ல எர்த் என்றால் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அப்படியே சிவப்பு முனையைப் படிப்படியாக நகர்த்துங்கள்: கேபிள் முனை, போல்ட் தலை, ஃப்ரேமில் வெறும் இரும்பு தெரியும் இடம், எஞ்சின். எண் எங்கே குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு.

ஆர்எக்ஸ்ஸெட் பித்தன்:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். எனக்கும் ஃப்ரேம் கோட்டிங்தான், ஆனால் யமஹா ஆர்எக்ஸ்ஸெட், செல்ஃபே கிடையாது. கிக் அடித்து அடித்துக் கால் போய்விட்டது, ஸ்பார்க் இல்லை. நண்பர் ஒருவர் ஸ்பார்க் தரும் காயிலைக் கையில் பிடித்து எஞ்சின் ஃபின்னில் ஒட்டவைத்தார், அப்போது மட்டும் பிடித்தது. பிடித்த பிறகு சாவியை அணைத்தால் எஞ்சின் நிற்கவில்லை! கியர் போட்டு பிரேக் அடித்துத்தான் நிறுத்தினோம். பேய் ஏதாவது?

கிள்ளான் வயர்மேன்:
பேய் எல்லாம் இல்லை, அதே பவுடர்தான். ஒற்றை வயர் மட்டும் வருகிற இக்னிஷன் காயிலுக்கு இன்னொரு பக்கம் அதன் இரும்பு உடம்புதான். அது ஃப்ரேமில் திருகி நிற்கும் போல்ட் வழியாகத்தான் எர்த் ஆகும். கோட்டிங் மேல் திருகினால் காயில் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி. காயில் உட்காரும் இடத்தைச் சுரண்டுங்கள், இல்லையென்றால் காயில் போல்ட்டிலிருந்து எஞ்சினுக்கு ஒரு வயர் இழுங்கள்.

சாவி விஷயம் இன்னும் அழகு. பேட்டரி இல்லாமலே ஸ்பார்க் வரும் ஏசி சிடிஐ (ஸ்பார்க்கை அனுப்பும் எலக்ட்ரானிக் பெட்டி) வண்டிகளில் சாவி எஞ்சினுக்குக் கரண்ட் கொடுப்பதில்லை. அணைக்கும்போது சிடிஐயிலிருந்து வரும் ஒரு வயரை எர்த்தோடு சேர்த்து ஸ்பார்க்கைக் கொல்கிறது. சேர்க்க எர்த் இல்லையென்றால் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ரோட்டில் இது ஆபத்து, சரி பண்ணும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். இன்னொன்று, ஸ்பார்க் பார்க்கிறேன் என்று பிளக்கை எங்கும் தொடாமல் அந்தரத்தில் விட்டு கிக் அடிக்க வேண்டாம். போக வழியில்லாத வோல்ட்டேஜ் காயிலையோ சிடிஐயையோ உள்ளேயே தின்றுவிடும்.

செந்தூல்135:
அக்கா சொன்ன மாதிரியே பார்த்தேன். செல்ஃப் அழுத்தும்போது பேட்டரி 12.4. போல்ட் தலை வரை 0.05. சைடு ஸ்டாண்ட் ஸ்பிரிங் மாட்டும் கொக்கியில் பவுடர் தேய்ந்து இரும்பு தெரிகிறது, அங்கே வைத்தால் 11.5! எஞ்சின் கேஸில் 11.7. ஜம்பர் கேபிளும் வந்துவிட்டது. நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கு மாட்டி அடித்ததும் ஸ்டார்ட்டர் சுற்றியது பாருங்கள், அப்படி ஒரு சுற்று.

மீட்டர் அக்கா:
இதைவிடத் தெளிவான ரீடிங் கிடைக்காது. பேட்டரி பலவீனம் என்றால் செல்ஃப் அழுத்தும்போது அதன் வோல்ட் 8, 9 என்று விழுந்திருக்கும். உங்களுடையது அசையவே இல்லை, அதாவது அதனிடம் யாரும் கரண்ட் வாங்கவில்லை. கேபிளும் நல்லது. போல்ட் தலைக்கும் ஃப்ரேம் இரும்புக்கும் நடுவில் பதினொன்றரை வோல்ட் தொலைகிறது. ஸ்டார்ட்டருக்கு நெகட்டிவ் வராததால் பாசிட்டிவ் அதன் வழியாகவே வந்து எஞ்சின் உடம்பு முழுக்க ஏறி நிற்கிறது, அதனால்தான் எஞ்சினில் 11.7.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: இந்த நிலையில் செல்ஃபை விடாமல் அழுத்திக்கொண்டிருக்காதீர்கள். கரண்ட் வேறு வழி தேடும். கிளட்ச் கேபிள் உள்ள வண்டியில் ஹேண்டிலிலிருந்து எஞ்சினுக்குப் போகும் அந்த இரும்புக் கேபிளே எர்த் வயராகி, சூடேறி, உள் உறை உருகிவிடும். வயரிங் கொத்துக்குள் போகும் மெல்லிய எர்த் வயருக்கும் அதே கதி.

கிள்ளான் வயர்மேன்:
சரி, இப்போது வேலை. என் அபிப்பிராயம் இதுதான், பவுடர் போட்ட ஃப்ரேமை இனிமேல் வயராக நம்பாதீர்கள். அழகான கோட்டிங்கை ஏழெட்டு இடத்தில் சுரண்டி நாசமாக்குவதற்குப் பதில், திரும்பும் கரண்ட்டுக்குத் தனி வயர் கொடுத்துவிடுங்கள்.

முக்கியமான ஒன்று பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினுக்கு. எஞ்சினில் எங்கே என்றால் ஸ்டார்ட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே. ஸ்டார்ட்டருக்கு நெகட்டிவ் என்பது அதன் உடம்புதான், அதைவிடக் கிட்டே போக முடியாது. கனம் பற்றிக் குழம்ப வேண்டாம். ஸ்டார்ட்டருக்குப் போகும் பாசிட்டிவ் கேபிள் என்ன கனமோ இதுவும் அதே கனம். போகிற கரண்ட் முழுதும் திரும்ப வந்தாக வேண்டும் அல்லவா. ஈயம் பூசிய செம்பு ரிங்கை நன்றாகக் கிரிம்ப் பண்ணுங்கள். அலுமினிய கேஸில் வெறும் செம்பு நேராக உட்கார்ந்தால் நம் ஊர் மழைக்கு வெள்ளையாகப் பூத்துவிடும்.

அப்புறம் ரெகுலேட்டர், அதாவது பேட்டரிக்கு ஏறும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி. அதன் எர்த்தும் பேட்டரி நெகட்டிவோடு ஒட்டியே இருக்க வேண்டும். தன் எர்த்துக்கும் பாசிட்டிவுக்கும் நடுவில் பார்ப்பதைத்தான் பல ரெகுலேட்டர்கள் பேட்டரி வோல்ட்டேஜ் என்று நம்பும். எர்த்தில் ஒரு வோல்ட் தொலைந்தால் பேட்டரி குறைவு என்று நினைத்து ஏற்றிக்கொண்டே போகும். சாதாரணமாக 14, 14.5 இருக்க வேண்டியது 15ஐத் தாண்டும், பேட்டரி கொதிக்கும், பல்ப் போய்க்கொண்டே இருக்கும். ‘கோட்டிங் போட்ட பிறகு மாதம் ஒரு பல்ப்’ என்று யாராவது சொன்னால் முதலில் இங்கே பாருங்கள்.

மூன்றாவது முன்பக்கத்துக்கு ஒரு வயர், 1.5 சதுர மிமீ போதும். நம் மலேசியாவில் 1992லிருந்து மோட்டார் ஹெட்லைட் பகலிலும் எரிய வேண்டும் என்று சட்டம், ஆக முன்பக்க எர்த்துக்கு ஓய்வே இல்லை. 35 வாட் பல்ப் மட்டுமே ஏறத்தாழ 3 ஆம்பியர். ஸ்டீரிங் கழுத்து வழியாக எர்த் போகும் என்று விட்டுவிடாதீர்கள். அங்கே இருப்பது கிரீஸில் மூழ்கிய குண்டுகள், ஹேண்டில் திருப்பும்போதெல்லாம் தொடுவதும் விடுவதுமாக இருக்கும். வயரை இழுக்கும்போது ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுக்கத் திரும்பும் அளவுக்குத் தளர்வு விடுங்கள்.

நிறம்: யமஹாவில் எர்த் கறுப்பு. ஹோண்டாவில் பச்சை. சுசுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு, கவாசாக்கியில் கறுப்பில் மஞ்சள் கோடு. வீட்டு வயரிங் பழக்கத்தில் யமஹாவில் பச்சையைத் தேடினால் அது சிக்னல் வயராக இருக்கும்.

கெப்போங் இரும்பு:
அண்ணன் சொல்வது சரி, ஆனாலும் ஃப்ரேமை முழுக்க விட்டுவிட முடியாது. ஹாரன், பின் சிக்னல் மாதிரி சிலது உடம்பு எர்த்தில்தான் இருக்கும். அதனால் ஒரே ஒரு இடத்தையாவது ஒழுங்காகச் சுரண்டி அந்த எஞ்சின் கேபிளோடு சேருங்கள்.

கிரைண்டர் வேண்டாம், கை நழுவினால் பாதி ஃப்ரேம் போச்சு. பெரிய டிரில் பிட்டைக் கையால் பிடித்து ஓட்டை வாயில் மெதுவாகத் திருப்புங்கள், ரிங் உட்காரும் அளவுக்கு மட்டும் வட்டமாகப் பவுடர் கழன்று வரும். மரைக்குள் 6 மிமீ டாப் (மரை வெட்டும் கருவி) ஒரு முறை ஓட்டுங்கள், மணலும் பவுடரும் சேர்ந்து வெளியே வரும். இறுக்கிய பிறகு ரிங்கைச் சுற்றிலும் வாஸ்லினோ டைஎலக்ட்ரிக் கிரீஸோ தடவி மூடுங்கள். இறுக்கிய பிறகு என்பதைக் கவனிக்கவும். அந்த கிரீஸ் கரண்ட் கடத்தாது, தண்ணீரை அண்டவிடாது, அவ்வளவுதான் அதன் வேலை.

எஞ்சின் மவுண்ட் போல்ட் உட்காரும் முகங்களிலும் பவுடர் கனமாக இருந்தால் எடுத்துவிடுவது நல்லது. சூட்டிலும் அதிர்விலும் அது நசுங்கி இறங்கும், போல்ட் தானாகத் தளர்ந்துவிடும். கொஞ்ச நாள் ஓட்டியதும் எல்லா மவுண்டையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

செந்தூல்135:
முடித்துவிட்டேன். நெகட்டிவிலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கு கேபிள், சீட்டுக்கு அடியில் ஒரு இடம் சுரண்டியாச்சு, ரெகுலேட்டர் எர்த்தும் அங்கேயே. செல்ஃப் அடிக்கும்போது நெகட்டிவுக்கும் எஞ்சினுக்கும் 0.14. ஓடும்போது பேட்டரியில் 14.2. ஹாரன் அடித்துப் பார்த்தேன், பக்கத்து வீட்டுப் பூனை ஓடியது.

ஆனால் முன் இடது சிக்னல் மட்டும் மங்கல், போட்டால் மீட்டர் விளக்கு இன்னும் துடிக்கிறது. கடையில் வாங்கிப் போட்ட சின்ன சிக்னல் அது.

மீட்டர் அக்கா:
ஒற்றை வயர்தானே வருகிறது? அப்படியானால் அதன் திருகுதான் எர்த், அந்தத் திருகு உட்கார்ந்திருக்கும் பிராக்கெட்டுக்கும் கோட்டிங் போட்டிருப்பீர்கள். கரண்ட் திரும்ப வழியில்லாமல் மீட்டர் பல்ப் வழியாகச் சுற்றிப் போகிறது, அதனால்தான் இரண்டும் சேர்ந்து துடிக்கின்றன. சிக்னல் திருகில் ஒரு ரிங் மாட்டி வயர்மேன் அண்ணன் சொன்ன முன்பக்கக் கறுப்பு வயரில் சேருங்கள்.

பிறைக்கரை:
அக்கா சொன்ன டெஸ்டை என் வேவிலும் செய்து பார்த்தேன். பல் வாஷர் மட்டும்தான், சுரண்டவில்லை. செல்ஃப் அடிக்கும்போது 0.6 வோல்ட். வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது, அதனால் நான் இப்போதைக்குத் தொடப்போவதில்லை.

கிள்ளான் வயர்மேன்:
உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம் தம்பி. மழைக்காலம் முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி மீட்டரை வைத்து எண்ணை இங்கே போடுங்கள்.

ஆர்எக்ஸ்ஸெட் பித்தன்:
காயில் உட்காரும் இடத்தைச் சுரண்டி, கூடவே எஞ்சினுக்கு ஒரு வயரும் இழுத்துவிட்டேன். இரண்டாவது கிக்கில் பிடித்தது, சாவியை அணைத்ததும் நின்றது. இன்னொரு கேள்வி: அடுத்து அலுமினிய பிராக்கெட்டுகளை அனோடைஸ் பண்ணலாம் என்றிருக்கிறேன். அதில் பெயிண்ட் இல்லையே, எர்த் பிரச்சினை வராதல்லவா?

மீட்டர் அக்கா:
வரும். அனோடைஸ் என்பது அலுமினியத்தின் மேலேயே வளர்க்கும் ஆக்சைடு, அதுவும் கரண்ட் கடத்தாது. பார்த்தால் வெறும் உலோகம் மாதிரியே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. எர்த் வரும் பிராக்கெட் எதுவோ அதை அனுப்புமுன் மறைக்கச் சொல்லிவிடுங்கள்.